முதல் வரிசைப் பெயர்கள்

மூணாம் நம்பர் பஞ்சாலை, ஒலிபரப்பு அறை
24 அக்டோபர் 1993

யூலிங்,

நல்லா இருக்கியான்னு கேக்கப் போறதில்லை. நல்லாத்தான் இருப்பே. வேலைக்குத் தெற்கே ஷென்ஜென் போய் எட்டு மாசம் ஆச்சு, உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்லை. நானும் உன்னை வழியனுப்ப ஸ்டேஷனுக்கு வரலை. ரெண்டு பேருமே சளைச்சவங்க இல்லை. இப்பவும் நானா எழுதலை, தோழர் பான் எழுத வச்சுட்டார்.

நேத்து மத்தியானம் இங்க வந்து, நான் கேக்காமலே உக்காந்து, என் டம்ளர்ல இருந்த சூரியகாந்தி விதையெல்லாம் கொறிச்சுட்டு, கடைசியில விஷயத்துக்கு வந்தார். இந்த வருஷம் டிசம்பர் முப்பது நடன நிகழ்ச்சி நம்ம சாப்பாட்டுக் கூடத்துல இல்லையாம். நகர அரங்கத்துலயாம். மூணு ஆலைங்க சேர்ந்து நடத்துதாம். ஆயிரத்து இருநூறு நாற்காலி. "குய்லான், நீதான் தொகுத்து வழங்கணும்"ங்கறார். பேக்கிங் பிரிவுல ஒரு பொண்ணை வச்சுப் பார்த்தாங்களாம். "அடுத்து விசிறி நடனம்"னு சொல்ல வேண்டிய இடத்துல அழுதுட்டு ஓடிட்டாளாம். நான் முடியாதுன்னேன். சங்கச் செயலாளர் ஆச்சே, எழுந்து போறப்போ வாசல்ல நின்னு சொல்லிட்டுத்தான் போறார்: "மேடையில பேச மாட்டேங்கறவளுக்கு ஒலிபரப்பு அறை எதுக்கு? தறிக்கே திரும்பிப் போயேன்."

தறிச் சத்தத்துல பதினோரு வருஷம் நின்னவ நான். அதுக்குப் பயமில்லை. பயம் வேற. அன்னிக்கு சாயங்காலம் கூடம் காலியா இருந்தப்போ மைக் முன்னாடி போய் நின்னு பார்த்தேன். "அன்பார்ந்த தோழர்களே"ன்னு ஆரம்பிக்கணும். "அன்"னு வந்தது, அதோட சரி. நாக்கு மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சு. பாத்திரம் கழுவற அம்மா எட்டிப் பார்த்து "தொண்டை கட்டியிருக்கா? இஞ்சி போட்டுக் குடி"ன்னுச்சு.

உனக்குத் தெரியாததை எழுதலை. ஆனாலும் கொட்டித் தீர்க்கணும் போல இருக்கு. போன வருஷம் அதே முப்பதாந்தேதி. ஏழு வருஷமா நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு வரி மாத்தி மாத்திப் பேசி நடத்தின நிகழ்ச்சி. முதல் வரிசையில உக்கார்ற பெரியவங்க பேரை பதவி வரிசைப்படி நான் வாசிக்கணும், ஒவ்வொரு பேருக்கும் கைதட்டல். அட்டை உன் கையெழுத்துல இருந்தது, முத்து முத்தா. "நமது பெருமதிப்புக்குரிய ஆலை மேனேஜர் சியாங் அவர்களை வருக வருக என்று..." எவனோ ஒருத்தன் பின்னாடி ரெண்டு தட்டு தட்டிட்டு நிறுத்தினான். கூடமே செத்துப் போச்சு. நடு நாற்காலியில உக்காந்திருந்தவர் மேனேஜர் ரென். சியாங்கை அன்னிக்கு மத்தியானம் மூணு மணிக்கே மாத்திட்டாங்க. ஊரே அவரைப் பத்தி குசுகுசுன்னு பேசிக்கிட்டிருந்த நேரத்துல நான் அவருக்கு வரவேற்பு குடுக்கறேன், புது மேனேஜர் பேரு என் வாயிலேயே இல்லை. நீ என் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தே. ஒரு வார்த்தை எடுத்துக் குடுக்கலை. அரை அடி பின்னால நகர்ந்தே. அந்த அரை அடியை நான் இன்னும் மறக்கலை.

சரி, அது போகட்டும். ஒப்பனை அறையிலேயே நீ என்கிட்ட சொன்னியாம், மேனேஜர் மாறிட்டார்னு. பான் சொன்னார், எல்லாரும் சொன்னாங்க. நானும் "சொல்லியிருப்பா, முடி காய வைக்கற மெஷின் சத்தத்துல விட்டிருப்பேன்"னு ஒத்துக்கிட்டேன். மார்ச்ல காது டாக்டர்கிட்ட போனேன். உன் காதுக்கு ஒண்ணுமில்லை, பூனைக் காதுன்னு அனுப்பிட்டார். காது சரின்னா கோளாறு மண்டையிலதானே? இப்ப காலையில வானிலை வாசிக்கறதுக்கு முன்னாடி மூணு தடவை ஆபீசுக்கு போன் பண்றேன். அடுப்பை அணைச்சேனான்னு பாதி வழியில திரும்பி ஓடறேன். பாவ்ஷெங் சாவியை என் கழுத்துல கட்டி விட்டுட்டார். என் புருஷன் தறி மெக்கானிக், கழண்டு போறதையெல்லாம் கட்டித்தான் அவருக்குப் பழக்கம்.

உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீ சொன்னப்போ நான் என்ன பண்ணேன்? தலையாட்டினேனா? "சரி"ன்னேனா? எனக்கு எவ்வளவு யோசிச்சாலும் வரலை. அதை மட்டும் எழுது.

குய்லான்


ஷென்ஜென், பெண்கள் விடுதி 4
2 நவம்பர் 1993

அன்பும் மதிப்பும் நிறைந்த குய்லான் அக்கா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்து மட்டற்ற மகிழ்ச்சி அடைந்தேன். தாங்களும் பாவ்ஷெங் அண்ணனும் நலமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நான் வானொலிப் பெட்டிகளுக்கு உள்ளே மின்சுற்றுப் பலகை பொருத்தும் பிரிவில் இருக்கிறேன். வேலை கடினம் என்றாலும் பழகிவிட்டது. இவ்வூரில் டிசம்பரிலும் பருத்திச் சட்டை போதுமானது என்கிறார்கள்.

நகர அரங்கில் தொகுத்து வழங்கும் வாய்ப்பு தங்களுக்குக் கிடைத்திருப்பது பெருமைக்குரியது. தாங்கள் தயங்கக் கூடாது. மேடையேறும் முன் மூக்கால் மெதுவாக மூச்சிழுத்து வாயால் விடவும். பார்வையாளர் முகங்களைப் பார்க்காமல், கடைசி வரிசைக்கு மேலே சுவரில் உள்ள கடிகாரத்தைப் பார்த்துப் பேசவும். வெந்நீரில் தேன் கலந்து குடிக்கவும். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம். ஒவ்வொரு நடனத்தையும் அறிமுகம் செய்யும்போது முதல் சொல்லைச் சற்று உயர்த்திச் சொன்னால் மீதி தானாக வந்துவிடும். தங்கள் குரலுக்கு இணையான குரல் மூன்று ஆலைகளிலும் இல்லை என்பது யாவரும் அறிந்ததே.

பழைய நிகழ்வுகளைப் பற்றி எண்ணி மனத்தை வருத்திக்கொள்ள வேண்டாம். மனிதர்களுக்கு மறதி இயல்பு.

என்றும் தங்கள் நலம் நாடும்,
யூலிங்


ஒலிபரப்பு அறை
11 நவம்பர் 1993

ஏண்டி,

இது என்ன, சங்க ஆபீஸ் சுற்றறிக்கையா? "தங்கள்", "தாங்கள்"! மூணாவது பத்தியில முத்திரை குத்தியிருக்கான்னு தேடினேன். ஏழு வருஷம் ஒரே கண்ணாடி முன்னாடி உக்காந்து என் புருவத்தை நீ வரைஞ்சே, உன் புருவத்தை நான் வரைஞ்சேன். ஒரே கிண்ணத்துல வேகவைச்ச கொழுக்கட்டைக்குச் சண்டை போட்டிருக்கோம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாமாம்! நீதாண்டி என்னை அது தின்ன வச்சவ.

தேன் குடிச்சேன். மூச்சு விட்டேன். சுவர்ல கடிகாரம் பார்த்தேன், அது ஓடலை. ஒண்ணும் நடக்கலை. வியாழக்கிழமை ஒத்திகையில ரெண்டு வரி பேசினேன். குரல் வந்தது, ஆனா ஒவ்வொரு வார்த்தைக்கும் முன்னாடி "இது சரியா, இது சரியா"ன்னு உள்ளேர்ந்து ஒருத்தி கேட்டுக்கிட்டே இருக்கா. அப்படி எப்படிப் பேசறது? "அடுத்து வருவது சாயப் பிரிவின்..."ன்னு நிறுத்தி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். சாயப் பிரிவுதான். பொண்ணுங்க கையில நீலச் சாயம் ஒட்டிக்கிட்டு எதிர்ல நிக்கறாங்க, அப்பவும் எனக்குச் சந்தேகம்.

எனக்கு ஜோடியா யாரைப் போட்டிருக்காங்க தெரியுமா? சமையல்கார கோங் அண்ணனை. சத்தமாப் பேசறாராம், அதனால! மைக்கே வேண்டாம். "ரொட்டி ரெடி"ங்கற அதே குரல்ல "நடனம் ரெடி"ங்கறார். ஒத்திகைக்கு வந்தவன்ல பாதிப் பேரு தட்டைத் தேடினான்.

நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன். மூச்சு பத்தி எழுதியிருக்கே, தேன் பத்தி எழுதியிருக்கே. நான் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதுக்கு மட்டும் பதில் இல்லை. தலையாட்டினேனா இல்லையா? எழுதறதுக்கு ஒரு வரிதானே ஆகும்.

குய்லான்


ஷென்ஜென்
21 நவம்பர் 1993

குய்லான் அக்கா,

இது நாலாவது காகிதம். மூணைக் கிழிச்சுட்டேன். ரூம்ல இருக்கற பொண்ணு, காதல் கடிதமான்னு கேக்கறா.

நீ தலையாட்டலை அக்கா. நான் உன்கிட்ட சொல்லவே இல்லை.

எழுதிட்டேன். இனிமே கிழிக்க மாட்டேன்.

அன்னிக்கு அஞ்சரை மணிக்கு பான் என்னைக் கூப்பிட்டு, "மேனேஜர் மாறிட்டார், இப்ப ரென். அட்டையை மாத்தி எழுது, குய்லான்கிட்ட சொல்லிடு"ன்னார். நான் ஒப்பனை அறைக்குத்தான் வந்துக்கிட்டிருந்தேன். நீ உள்ள முடியைக் காய வச்சுக்கிட்டு கைக்குட்டை நடனத்தோட பாட்டை முணுமுணுக்கறது எனக்குக் கேட்டுச்சு. வராந்தாவுல பணியாளர் ஆபீஸ் குமாஸ்தா என்னைப் பிடிச்சுக்கிட்டார். சம்பளம் இல்லாத ரெண்டு வருஷ விடுப்புக்கு நான் மனு போட்டிருந்தேன் இல்லை? வேலையும் நம்ம பேர்ல இருக்கும், ஷென்ஜென்லயும் போய் வேலை செய்யலாம்னு எத்தனை பேரு தவமிருந்தாங்க. "உன் காகிதம் கையெழுத்துக்கு வந்திருக்கு, இப்ப வந்தாத்தான் உண்டு, நான் வீட்டுக்குக் கிளம்பறேன்"னார். ஓடினேன். கையெழுத்துப் போட்டேன். சந்தோஷத்துல தரையில கால் பாவலை. திரும்பி வந்தப்போ மணி அடிச்சுட்டாங்க, நீ திரைக்குப் பக்கத்துல நிக்கறே, நான் வந்து நின்னேன். சுத்தமா மறந்து போச்சு அக்கா. நீ "பெருமதிப்புக்குரிய ஆலை மேனேஜர்"னு ஆரம்பிச்சியே, அப்பத்தான் ஞாபகம் வந்தது. வாயைத் திறந்து "ரென்"னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கால் பின்னால போயிடுச்சு.

நிகழ்ச்சி முடிஞ்சதும் பான், முகமெல்லாம் செவந்து போய், "அவகிட்ட சொன்னியா இல்லையா?"ன்னார். என் காகிதத்துல மறுநாள் காலையிலதான் அவர் முத்திரை விழணும். "சொன்னேன்"னேன். ஒரு வார்த்தைதான். நாளைக்குச் சொல்லிக்கலாம், முத்திரை விழட்டும்னு நினைச்சேன். மறுநாள் நீயே வந்து "நீ சொல்லியிருப்பே, நான்தான் கேக்கலை"ன்னு என் கையைப் பிடிச்சே. அதுக்கப்புறம் எனக்கு வாய் வரலை. நீ ஸ்டேஷனுக்கு வராதது எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்ததுன்னு தெரியுமா? அதை நினைச்சா இப்பவும் கூசுது.

நீ காது டாக்டர்கிட்ட போனது எனக்குத் தெரியாது. அதைப் படிச்சுட்டு ரெண்டு நாள் சோறு இறங்கலை.

இதோட தனியா ஒரு காகிதம் மடிச்சு வச்சிருக்கேன். சங்கத்துக்கு எழுதினது. நடந்ததை நடந்தபடி எழுதி, பேர் போட்டு, கட்டை விரல் ரேகையும் வச்சிருக்கேன். அதை பான்கிட்ட குடு. விடுப்பை ரத்து பண்ணுவாங்க, என் பேரை ஆலைப் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. எடுக்கட்டும். நீ மேடையில நல்லாப் பேசணும்.

யூலிங்


ஒலிபரப்பு அறை
5 டிசம்பர் 1993

யூலிங்,

உன் கடிதம் இருபத்தெட்டாந்தேதி வந்தது. ஒரு வாரம் பதில் எழுதலை. எழுதியிருந்தா போஸ்ட்மேன் கை சுட்டுப் போயிருக்கும்.

முதல்ல உன்னைத் திட்டினேன். தறிப் பிரிவுல பதினோரு வருஷம் கத்துக்கிட்ட வார்த்தை ஒண்ணு பாக்கி இல்லாம திட்டினேன். பாவ்ஷெங் ஜன்னலைச் சாத்தினார். அப்புறம் அழுதேன். அப்புறம் என்ன ஆச்சோ, சிரிப்பு வந்துடுச்சு. நிக்கவே இல்லை. அவர் பயந்துபோய் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூப்பிடப் போயிட்டார். எனக்குப் பைத்தியம் இல்லைடி! என் காது நல்லா இருக்கு, மண்டை நல்லா இருக்கு. யாரும் சொல்லலை, அதனால நான் கேக்கலை. இவ்வளவுதான் விஷயம். இதுக்குப் போய் பதினோரு மாசம் நான் என்னையே வேவு பார்த்துக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி சாவியைக் கழுத்துலேர்ந்து கழட்டி ஆணியில மாட்டினேன். மறுநாள் ஒரு போன் கூடப் பண்ணாம வானிலை வாசிச்சேன். "வடக்குக் காற்று, வேகம் மூன்று முதல் நான்காம் நிலை"ன்னேன். வடக்குக் காத்துதான் அடிச்சுது.

உன்மேல கோவம் போகலை. அதை நீ தெரிஞ்சுக்கணும். மறந்தது தப்பில்லை, யாருக்கும் வரும். "சொன்னேன்"னியே, அதுதான். அதுவும் நான் உன் கையைப் பிடிச்சப்போ வாயை மூடிக்கிட்டு நின்னியே, அதுதான் எனக்கு ஆறலை. நீ மட்டும் இங்க எதிர்ல இருந்தா சீப்பாலயே நாலு போட்டிருப்பேன்.

ரேகை வச்ச காகிதம் என் கோட்டுப் பையில இருக்கு. என்ன செய்யறதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. கொஞ்ச நாள் நீயும் தூக்கமில்லாம கிட.

குய்லான்


ஷென்ஜென்
14 டிசம்பர் 1993

அக்கா,

கிடக்கறேன். சீப்பை எடுத்து வை, வந்து வாங்கிக்கறேன்.

ஒண்ணு மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கறேன். மூச்சு, தேன், கடிகாரமெல்லாம் நான் சும்மா அளந்தது. ஏழு வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தவ நான். கையில அட்டை இருக்கறப்போ நீ நல்லா வாசிப்பே, அவ்வளவுதான். எண்பத்தொன்பதுல கரண்ட் போச்சே, ஞாபகம் இருக்கா? இருட்டுல நீ பாட்டுக்குப் பேசினே, ஜனம் விழுந்து விழுந்து சிரிச்சுது, லைட் வந்தப்போ எல்லாருக்கும் ஏமாத்தமாப் போச்சு. அன்னிக்கு உனக்கு யாரும் எதுவும் எழுதிக் குடுக்கலை. நான் பக்கத்துல வாயைப் பிளந்துக்கிட்டு நின்னேன். அப்பவே எனக்குப் பொறாமை.

முப்பதாந்தேதி சாயங்காலம் எனக்கு ஷிப்ட். பலகையில கம்பி பத்த வச்சுக்கிட்டே உன்னைத்தான் நினைச்சுக்கிட்டிருப்பேன்.

யூலிங்


வீடு
1 ஜனவரி 1994

யூலிங்,

இன்னிக்கு விடுமுறை. பாவ்ஷெங் மாவு பிசையறார், நான் ராணி மாதிரி உக்காந்து எழுதறேன். முழுசா எழுதப் போறேன், கண்ணு வலிச்சாலும் படி.

அஞ்சு மணிக்கு பான் அட்டையை நீட்டினார். பதினாலு பேரு. நகரத்துலேர்ந்து, மத்த ரெண்டு ஆலையிலேர்ந்து, சங்கங்கள்லேர்ந்து. நல்ல கையெழுத்துதான், உன் அளவுக்கு இல்லை. கையில வாங்கினதும் பழைய சந்தேகம் லேசா எட்டிப் பார்த்துச்சு. இதையும் எவளோ ஒருத்தி வராந்தாவுல ஓடிக்கிட்டே எழுதியிருந்தா? உடனே எனக்கு ஒண்ணு தோணுச்சு. என் காது நல்ல காது. என் வாய் நல்ல வாய். நானே கேட்டா என்ன?

இறங்கிப் போனேன். தரையைப் பெருக்கற அந்தச் சிவப்பு வெல்வெட் கவுனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, முதல் வரிசைக்கு நேராப் போய் முதல் நாற்காலிக்கு முன்னாடி நின்னேன். "ஐயா, வணக்கம். நான்தான் இன்னிக்கு உங்க பேரை வாசிக்கப் போறவ. உங்க பேரும் பதவியும் சொல்லுங்க."

இப்படி எவளாவது கேட்டிருக்காளா? பெரிய மனுஷன் பேரு ஊருக்கே தெரிஞ்சிருக்கணும், கேக்கறதே அவமானம்னுதானே நம்ம ஆபீஸ்ல சொல்லி வச்சிருக்காங்க. பான் திரைக்குப் பின்னாலேர்ந்து கையை ஆட்டறார், பறவை விரட்டற மாதிரி. நான் பார்க்கவே இல்லை. முதல் ஆள் முறைச்சார், ஆனா சொன்னார். ரெண்டாவது ஆள் சொன்னார். நாலாவது நாற்காலிக்கு வந்தேன். அட்டையில கலாசாரத் துறை அதிகாரி. உக்காந்திருந்தது ஒரு ஒல்லி மனுஷன். "அவருக்குக் காய்ச்சல், நான் அவர் உதவியாளர். என் பேரை எங்கயும் வாசிச்சதில்லை, விட்டுடுங்க"ன்னார். "உக்காந்திருக்கறது நீங்கதானே? அப்ப உங்க பேருதான்"னேன். எழுதிக்கிட்டேன். மேனேஜர் ரென் கிட்ட வந்தேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "என் பேருமா தெரியாது?"ன்னார். "தெரியும் ஐயா. போன வருஷம் தெரியாமப் போச்சு. அதனால உங்க வாயாலயே கேட்டுக்கறேன்"னேன். தொடையில தட்டிச் சிரிச்சுட்டு, பேரு, பதவி, எந்த ஊரு, மாமனார் எந்த ஊருன்னு எல்லாம் சொன்னார்.

திரை விலகிச்சு. ஆயிரத்து இருநூறு முகம். "அன்பார்ந்த தோழர்களே"ன்னேன். முழுசா வந்தது! மேல பால்கனி வரைக்கும் போய் இடிச்சுட்டுத் திரும்பி வந்தது. எனக்கே சிலிர்த்துப் போச்சு. பதினாலு பேரையும் அட்டையை மடக்கி வச்சுக்கிட்டு, முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னேன். அந்த ஒல்லி மனுஷன் பேரைச் சொன்னப்போ அவர் எழுந்து நின்னு, யாரைக் கும்பிடறதுன்னு தெரியாம மூணு திசையிலயும் கும்பிட்டார். அவருக்குத்தான் கைதட்டல் அதிகம்.

கோங் அண்ணன் பத்திச் சொல்லணுமே. திரைக்குப் பின்னால இருக்கற வரைக்கும் சிங்கம். மேடை வெளிச்சம் பட்டதும் எலி. "அடுத்து"ன்னுட்டு என்னைப் பார்க்கறார். "அடுத்து என்னண்ணே?"ன்னேன் மைக்கிலயே. "அடுத்து... சூப்பு"ன்னார். அரங்கமே குலுங்கிப் போச்சு. "சூப்பு இடைவேளையில, இப்ப நூற்புப் பிரிவோட கைக்குட்டை நடனம்"னு நான் எடுத்துக் குடுத்தேன். பாவம், அதுக்கப்புறம் அவர் பயம் தெளிஞ்சு நல்லாவே பண்ணார்.

ஏழாவது நடனம் சாயப் பிரிவோடது, பன்னெண்டு பொண்ணுங்க, விசிறி. பாட்டு உச்சத்துக்குப் போறப்போ டேப் சிக்கிக்கிச்சு. ஒரு இழுவை, ஒரு கரகரப்பு, அப்புறம் நிசப்தம். பொண்ணுங்க விசிறியைத் தலைக்கு மேல தூக்கினபடி அப்படியே நிக்கறாங்க. ஒருத்தி உதடு துடிக்குது. பான் கன்னத்துல கை வச்சு உக்காந்துட்டார். அட்டையில இதுக்கெல்லாம் வரி கிடையாதுடி. நான் நடந்து போய் அவங்க நடுவுல நின்னேன்.

"விசிறியை இறக்காதீங்கம்மா. யாரு முதல்ல இறக்கறாளோ அவ நாளைக்கு எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்"னேன். ஜனம் சிரிச்சுது. ஓரத்துல இருந்தவகிட்ட மைக்கை நீட்டினேன். "உன் பேரு என்ன? எந்த மெஷின்?"

"ஆறாம் நம்பர் சாயத் தொட்டி அக்கா. கை வலிக்குதுக்கா."

"கையெல்லாம் ஏன் நீலமா இருக்கு?"

"சனிக்கிழமை கழுவினா திங்கக்கிழமை மறுபடி வந்துடும்க்கா. கல்யாணத்தன்னிக்கும் இதே நீலம்தான். மாப்பிள்ளை பயந்துட்டார்."

மேலேர்ந்து ஒருத்தன் கத்தினான்: "பயப்படலை! நான் இங்கதான் இருக்கேன்!" அதுக்கு வந்த சிரிப்பு இருக்கே! இப்படியே ஒவ்வொருத்தியா கேட்டேன். சேர்ந்தாப்ல நாலு நிமிஷம். எனக்குள்ள "இது சரியா"ன்னு கேக்கறவ எங்க போனாளோ, ஆளையே காணோம். டேப் சரியானப்போ பொண்ணுங்க தோள் நடுங்குது, முகமெல்லாம் சிரிப்பு. முதல்லேர்ந்து ஆடினாங்க. போன தடவை ஆடினதை விட நல்லா ஆடினாங்க.

திரை மூடினதும் திரைக்குப் பின்னால அந்த மரப்பெட்டி மேல உக்காந்து ஷூவைக் கழட்டினேன். போன உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. ஒரு வருஷமா நெஞ்சுல வச்சிருந்த கல்லை யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க.

பான் ஓடி வந்தார். அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், உன் காகிதம் என்ன ஆச்சுங்கறதெல்லாம் இருக்கு. ஆனா கொழுக்கட்டை வெந்துடுச்சு, பாவ்ஷெங் கூப்பிடறார். அப்புறம் எழுதறேன்.

குய்லான்


ஷென்ஜென்
9 ஜனவரி 1994

அக்கா,

கொழுக்கட்டையாம்! உனக்கு இரக்கமே கிடையாதா?

நீ பேசினதை ரூம்ல சத்தமா வாசிச்சேன். எட்டுப் பொண்ணுங்களும் கேட்டாங்க. சூப்பு வந்த இடத்துல ஒருத்தி கட்டில்லேர்ந்து விழுந்துட்டா. நான் சிரிச்சுக்கிட்டே அழுதேன். நீ பேசிட்டே அக்கா, எனக்கு அது போதும். காகிதத்தைக் குடுத்துட்டேன்னா குடுத்துட்டேன்னு எழுது. ஆபீஸ்லேர்ந்து வர்றதுக்கு முன்னாடி உன்கிட்டேர்ந்து தெரிஞ்சுக்கறேன். அழ மாட்டேன்.

யூலிங்


ஒலிபரப்பு அறை
17 ஜனவரி 1994

யூலிங்,

சரி, போதும். உன்னை வதைச்சது போதும்.

அன்னிக்கு பான் வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கிட்டுச் சொன்னார்: "பார்த்தியா, இந்த வருஷம் காதைத் தீட்டிக்கிட்டு இருந்தே. எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு." பாராட்டுதான். ஆனா எனக்குச் சுருக்குனு ஏறிடுச்சு. எழுந்து நின்னேன், வெறுங்காலோட.

"தோழர் பான், போன வருஷமும் என் காது இதே காதுதான். அன்னிக்கு என்கிட்ட யாரும் சொல்லலை."

"யூலிங் சொன்னேன்னாளே?"

"யாரும் சொல்லலை. சொல்லியிருந்தா எனக்குத் தெரியும்."

சுத்தி ஆளுங்க இருந்தாங்க. என் குரல் ஒரு பிசிறு தட்டலை. அவர் என்னை ஓரமாக் கூட்டிட்டுப் போய், தாழ்ந்த குரல்ல பேசினார். "வாயால சொன்னா நம்ம ரெண்டு பேரோட போகும். காகிதமா வந்தா ஃபைல்ல போடணும், ஃபைல்ல போட்டா அந்தப் பொண்ணு பேரை எடுத்தாகணும். காகிதம் ஏதாவது இருக்கா?"

கோட்டுப் பையில உன் காகிதம். என் கை அது மேலதான் இருந்தது.

"இல்லை"ன்னேன்.

நீ ஒரு பொய் சொன்னே, நான் ஒரு பொய் சொன்னேன். என்னோடது உன்னோடதை விட நல்லா இருந்தது. பான் தலையை ஆட்டிட்டு, "அன்னிக்கு நானே வந்து உன்கிட்ட சொல்லியிருக்கலாம். புது மேனேஜருக்கு டீ ஊத்தறதுலயே நின்னுட்டேன்"னார். அந்த மனுஷன் வாயிலேர்ந்து இப்படி ஒண்ணு வரும்னு நான் நினைச்சதே இல்லை.

உன் காகிதம் இதோட இருக்கு. நீயே கிழிச்சுக்கோ. அடுத்த மாசம் நம்ம சந்திரப் புது வருஷத்துக்கு டிக்கெட் கிடைச்சா வா, நின்னுக்கிட்டே வர்ற டிக்கெட்னாலும் வா. சீப்பு எடுத்து வச்சிருக்கேன், அடி விழும். மே மாச நிகழ்ச்சிக்கு கோங் அண்ணன் வர மாட்டேன்னுட்டார், சூப்புன்னு ஊரே கூப்பிடுதாம். நீ வந்து நில்லு. முதல் வரிசைப் பேரை மட்டும் நான் பார்த்துக்கறேன், நீ அந்தப் பக்கமே வராதே.

இன்னொண்ணும் நடந்துச்சு. போன திங்கக்கிழமை காலையில அறிவிப்புக் கட்டு வந்தது. வழக்கம் போல வாசிச்சேன். கேன்டீன் நேரம், குளிருக்கு நிலக்கரி வழங்கற நாள், தொலைஞ்சு போன சைக்கிள். கடைசித் தாளை எடுத்தேன். பான் கையெழுத்து. முன்கூட்டிப் பார்க்கலை, இப்பல்லாம் நான் பார்க்கறதில்லை. மைக் ஓடிக்கிட்டிருக்கு, வாசிச்சுக்கிட்டே போறேன்: "1992ஆம் ஆண்டு இறுதி நடன நிகழ்ச்சியில் பெயர் வாசிப்பில் நேர்ந்த பிழை சங்க அலுவலகத்தின் பிழை. தொகுத்து வழங்கிய தோழர் யாவ் குய்லான் மீது எந்தப் பிழையும் இல்லை."

ஆலை முழுக்க, தறி, சாயம், கேன்டீன், வாசல், எல்லா ஒலிபெருக்கியிலயும் என் குரல் என் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கு. நான் நிறுத்தலை.

அறிவிப்பு எதுவா இருந்தாலும் ரெண்டு தடவை வாசிக்கணும், அது ஆலை விதி. ரெண்டாவது தடவை இன்னும் நிதானமா வாசிச்சேன்.

குய்லான்